ஈரம் ஏறாத மாடியறை

ஜாக்குலின் கச்சேரிக்கென்று செய்த முதல் கிட்டார் டில்லியில் வெடித்தது.

டிசம்பர் மாதம். ஹோட்டல் அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீதேவி தலை துவட்டிக்கொண்டிருந்தபோது கிட்டார் இருந்த பக்கத்திலிருந்து காய்ந்த சுள்ளியை முறித்த மாதிரி ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் முகப்பலகையில் நீளமாக ஒரு கீறல். தந்திகள் கட்டியிருக்கும் கட்டையின் அடியில் தொடங்கி விளிம்பு வரை போயிருந்தது. நகத்தை வைத்துப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கியது. அன்றைய கச்சேரியை யாரிடமோ இரவல் வாங்கிய கிட்டாரில் வாசித்து முடித்தாள்.

ஸ்ரீதேவி மாட்டுங்காவில் இசைப் பள்ளி நடத்துபவள். கர்நாடக ராகங்களைக் கிட்டாரில் வாசித்துப் பெயர் வாங்கியவள். மும்பை திரும்பியதும் வீட்டுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு நேரே தாராவிக்கு வந்தாள். சந்துக்குள் டாக்ஸி நுழையாது. மெயின் ரோட்டிலேயே இறங்கி, கிட்டார்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கேஸ் சிலிண்டருக்கும் சைக்கிளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்து, அந்தப் பெட்டியை ஜாக்குலினின் கையில் கொடுத்தாள். அவள் கோபப்படவில்லை. ஜாக்குலினுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

“நாதம் ரொம்ப நன்னா இருந்தது, ஜாக்குலின். அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா இத நம்பி என்னால ஒரு ஊருக்குப் போக முடியாது.”

அதைச் சொல்லிவிட்டு டீ குடித்தாள், போய்விட்டாள்.

ஜாக்குலின் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தாதரில் ஒரு இசைக்கருவிக் கடையில் கவுண்டரில் நிற்கும் வேலை கிடைத்தது. தந்தி மாற்றித் தருவது, சுருதி ஆணி முறுக்குவது என்று தொடங்கினாள். பிறகு யாரும் திரும்பி வந்து வாங்காமல் போட்டுவிட்டுப் போன உடைந்த கிட்டார்களைப் பிரித்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பழக்கமாயிற்று. ரயிலில் போகும்போதும் வரும்போதும் கிட்டார் செய்கிறவர்களின் வீடியோக்களை சத்தம் இல்லாமல் பார்ப்பாள். கைகள் என்ன செய்கின்றன என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. கொரோனாவில் மூடிய கடை மறுபடி திறக்கவில்லை. முதலாளி கடையைக் காலி செய்தபோது அவள் வேலை பார்த்த மேசையையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

அந்த மேசையை நான்கு துண்டாக அறுத்து, வீட்டின் இரும்பு ஏணி வழியாக மாடிக்கு ஏற்றி, மறுபடி சேர்த்துக் கொடுத்தது அவள் கணவன் பிரைட்டன். வடாலாவில் மோனோரயில் பராமரிப்பில் எலக்ட்ரீஷியன். மாடி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கீழே ஒரு அறை, அதன் தலைமேல் இன்னொரு அறை, அதன் தலைமேல் பத்ரா என்று அந்த ஊரில் சொல்லும் தகரக் கூரை. மேலே ஏறத் தரையில் ஒரு சதுர ஓட்டை. கீழறையில் பிரைட்டனின் அம்மா ஏஞ்சலம்மாள் விடியற்காலையிலேயே இட்லி அடுப்பை ஏற்றிவிடுவாள். அவள் இட்லி அந்தத் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருவுக்கும் போகும். தூக்குப் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போய்க் கூவி விற்பவர்களும் உண்டு.

அந்த மாடியில் ஜாக்குலின் முதலில் செம்பூர் சர்ச் பாடகர் குழுவுக்கு இரண்டு கிட்டார் செய்தாள். அவை இன்றும் நன்றாக இருக்கின்றன. ஸ்ரீதேவிக்குச் செய்தது மூன்றாவது. முகப்பலகைக்கு நல்ல ஸ்ப்ரூஸ் மரம், நல்ல பசை, அவளுக்குத் தெரிந்த அத்தனை கவனமும் அதில் இருந்தது. அதுதான் வெடித்தது.

கொஞ்ச நாள் அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. பிறகு ஒரு காலையில் திறந்து, கீறலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். மரம் விற்றவன் ஏமாற்றினானா, பசை சரியில்லையா, விமானத்தில் யாராவது போட்டு உடைத்தார்களா என்று ஒவ்வொன்றாக யோசித்தாள். எதுவும் ஒட்டவில்லை. சர்ச் கிட்டார்களுக்கும் அதே மரம், அதே பசை. ஒரே ஒரு வித்தியாசம்தான். அவை மும்பையை விட்டு வெளியே போனதில்லை.

அந்தக் கிட்டாரைச் செய்த மாதம் அவளுக்கு நினைவு வந்தது. ஜூலை. சுவரில் நீர் முத்து முத்தாக நிற்கும். உப்பு ஜாடியில் உப்பு கரைந்து கிடக்கும். துவைத்த சட்டை மூன்றாம் நாளும் ஈர வாடை அடிக்கும்.

மிச்சமிருந்த ஸ்ப்ரூஸ் துண்டு ஒன்றை எடுத்து, அதன் அகலத்தைத் துல்லியமாக அளந்து, மாமியாரின் இட்லிப் பானைக்கு மேலே ஒரு கம்பியில் தொங்கவிட்டாள். ஏஞ்சலம்மாள் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த தட்டில் மாவை ஊற்றினாள். அடுப்பை அணைத்த பிறகு மறுபடி அளந்தபோது துண்டு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அகலமாகி இருந்தது. அதையே ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, மறுநாள் அளந்தாள். முதலில் இருந்ததைவிடக் குறுகியிருந்தது.

பிரைட்டன் வேலை முடிந்து வந்ததும் அவனை உட்காரவைத்து விளக்கினாள். மழையில் மரம் தண்ணீர் குடித்து விரிந்து நின்றிருக்கிறது. விரிந்த பலகையின் முதுகில் குறுக்கே சட்டங்களை ஒட்டி இறுக்கிவிட்டாள். டில்லியில் ஹீட்டர் அந்தத் தண்ணீரையெல்லாம் உறிஞ்ச, பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது. சட்டங்கள் விடவில்லை. வேறு வழியில்லாமல் பலகை பிளந்துகொண்டது. வேலையில் பிழை இல்லை, காற்றில்தான் பிழை.

பிரைட்டன் எளிய வழி ஒன்று சொன்னான். “குளிர்காலத்துல மட்டும் செய்யி. மழைக்காலத்துல ரிப்பேர் வேல பாத்துக்க.”

“மழையையும் வேர்வையையும் கழிச்சா இந்த ஊர்ல மிச்சம் எத்தன நாளு இருக்கு? நான் வருஷம் பூரா செய்யணும்ங்க.”

அதற்கு மேல் அவன் வாதாடவில்லை. எலக்ட்ரீஷியன் என்பதால் அவனுக்கும் இதில் ஒரு ருசி தட்டியது என்று ஜாக்குலின் சொல்கிறாள்.

காற்றின் ஈரத்தைச் சொல்லும் சின்னக் கருவி ஒன்றை லாமிங்டன் ரோட்டில் வாங்கி வந்து மாடிச் சுவரில் மாட்டினார்கள். கிட்டார் செய்கிறவர்கள் எல்லோரும் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் ஈரம் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜூன் மாதம் முதல் மழை இறங்கியபோது அந்தக் கருவி எண்பத்தெட்டு காட்டியது. அதிகாலையில் இட்லி வேகும்போது தொண்ணூறைத் தாண்டியது.

முதலில் பல்புகளை நம்பினாள். பெட்டிக்குள் வேலை செய்தது அறைக்குள்ளும் செய்யும் என்று ஒரு வரிசை குண்டு பல்புகளைத் தொங்கவிட்டாள். எண் இறங்கத்தான் செய்தது. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூட்டில் மனிதன் உட்கார முடியவில்லை. வேர்வை பலகையில் சொட்டியது. பசை பூசி முடிப்பதற்குள் முனையில் இறுகிவிட்டது. பல்பை அணைத்தால் போன ஈரமெல்லாம் திரும்ப வந்தது. சூடு தண்ணீரை எங்கும் கொண்டுபோகவில்லை, சும்மா மறைத்துத்தான் வைத்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒருநாள் இழைப்புளியிலிருந்து தெறித்த சுருள் ஒன்று பல்பின் மேல் விழுந்து புகைந்தது. கருகல் வாடை கீழே எட்டியதும் ஏஞ்சலம்மாள் மாவுக் கையோடு ஏணியில் பாதி ஏறி வந்தாள்.

“ஏட்டி, வீட்டக் கொளுத்தித்தான் கிட்டார் செய்யணுமா?”

பல்புகள் அன்றே இறங்கின. அடுத்து, டப்பா டப்பாவாக ஈரம் உறிஞ்சும் குருணைகளை வாங்கி அறையைச் சுற்றி வைத்தாள். அவை மறுநாள் காலையே தண்ணீராகி நின்றன. பிறகு யாரோ கழித்துவிட்ட ஜன்னல் ஏசி ஒன்றை மாட்டினார்கள். ஓடும்போது காற்று காய்ந்தது. ஆனால் மழைநாளில் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்ததும் ஏசி தானாக நின்றுவிடும். நின்றதும் எண் ஏறும். ஜாக்குலின் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்த எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஏசியைப் பார்க்க வந்தவர்தான் அப்துல் ரவூப். தொண்ணூறடி சாலையில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவர். ஊர் மேலப்பாளையம். அவர் ஏசியைப் பார்க்கவே இல்லை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, அறையைச் சுற்றி மெதுவாக நடந்தார். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் புகை ஆடியது. ஜன்னல் சட்டத்தில் ஆடியது. ஏணி ஏறும் ஓட்டையில் ஊதுபத்தியைப் பிடித்தபோது, கீழிருந்து வந்த காற்று புகையை அப்படியே தூக்கிக் கூரைக்கு அடித்தது.

“தங்கச்சி, நீ தாராவி பூராத்தையும் காய வைக்கப் பாக்குத. அது அல்லாவால மட்டுந்தான் முடியும்.”

அன்று மாலை வரை அவர் அங்கேயே இருந்தார். ஜாக்குலினும் பிரைட்டனும் அவரும் மாடியில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். முழு அறையையும் மறந்துவிட்டு, அதற்குள் ஒரு சின்ன அறை. மேசையும் மரமும் அவளும் மட்டும் கொள்ளும் அளவு போதும். ரவூப் பாய் தன் பழைய ஃபிரிட்ஜ் அறிவையெல்லாம் கொட்டினார். ஃபிரிட்ஜும் அதைத்தானே செய்கிறது, ஒரு பெட்டியை உலகத்திலிருந்து பிரித்து வைக்கிறது. ஏசியின் குறை என்ன என்பதையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். அது குளிரை உள்ளே விட்டுச் சூட்டை வெளியே தள்ளுகிறது. இங்கே இரண்டும் உள்ளேயே வேண்டும். காற்று முதலில் குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டுத் தண்ணீரை உதறிவிட வேண்டும். பிறகு சூடான சுருளில் பட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பாகி அறைக்குத் திரும்ப வேண்டும். அப்படிச் செய்தால் குளிரவும் செய்யாது, புழுங்கவும் செய்யாது.

தாராவியின் பழைய சாமான் கிடங்குகள் இருக்கும் பதின்மூன்றாம் காம்பவுண்டில் உடைக்கப் போட்டிருந்த ஒரு சின்ன ஃபிரிட்ஜின் மோட்டாரையும் சுருள்களையும் ரவூப் பாய் எடுத்து வந்தார். பிரைட்டன் கூரைக்குக் கீழே தெர்மாகோல் பலகைகளை இரண்டு அடுக்காகப் பதித்து, மேலே அலுமினியத் தாள் ஒட்டினான். சுவர்களுக்குப் பிளைவுட். மூலை முடுக்கெல்லாம் சிலிகான். ஏணி ஓட்டைக்கு ஒரு மரக்கதவு செய்து, அதன் விளிம்பில் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரையே சுற்றி ஒட்டினார்கள். கதவை மூடினால் ‘உப்’பென்று ஒரு சத்தத்தோடு உட்காரும்.

இயந்திரத்தை முதலில் ஓட்டிய அன்று எண் அறுபத்தைந்து வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் குளிர்ச்சுருள் முழுக்கப் பனிக்கட்டி. ரவூப் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரைட்டன் மின்விசிறியை மாற்றி வேகத்தைக் கூட்டினான். கட்டி பிடிக்கவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குழாயில் இறங்கி, கீழே வைத்த வாளியில் விழ ஆரம்பித்தது. ஈரம் இவ்வளவுக்கு மேல் போனால் ஓடு, இவ்வளவுக்குக் கீழே போனால் நில் என்று இயந்திரத்துக்குச் சொல்ல ஒரு சுவிட்சு தேவைப்பட்டது. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்காக விற்கிற சுவிட்சு ஒன்று சரியாகப் பொருந்தியது.

எல்லாம் சரியாகி, மறுநாள் அதிகாலை எண் மறுபடி எழுபதுக்குப் போனது. ஜாக்குலினுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கில் இட்லி வாடை அடித்தது. காலையில் கதவைத் திறந்து மேலே ஏறிவரும் ஒவ்வொரு முறையும் கீழிருந்து ஒரு மேகம் அவளோடு சேர்ந்து ஏறி வந்தது.

மாமியாரிடம் போய்ப் பேசினாள். அடுப்பைக் கொஞ்சம் வாசல் பக்கமாகத் தள்ள முடியுமா, மாடியில் வேலை இருக்கும் நாட்களில் பின்னேரம் சுட முடியுமா என்று கேட்டாள். ஏஞ்சலம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

“நான் பின்னேரம் சுட்டா காலையில வேலைக்குப் போற சனம் என்னத்தத் திங்கும்? ஒன் கிட்டாரையா?”

இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைந்தது. மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது பிரைட்டன்தான். அடுப்புக்கு நேர் மேலே ஒரு தகரக் கூண்டும் வெளியே இழுக்கும் விசிறியும் வைத்து, ஆவியைப் பின் சந்துக்குத் திருப்பிவிட்டான். அதைப் போட்ட முதல் நாள் ஏஞ்சலம்மாளுக்குப் பல வருஷமாக வேர்த்துக்கொண்டிருந்த கழுத்து வேர்க்கவில்லை. மறுநாள் அவளே ஏணியடியில் நின்று, எண் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டாள்.

அந்த வருஷ ஜூலை கடைசியில் மும்பையில் பெரிய மழை பிடித்தது. ரயில்கள் நின்றன. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர், மிதந்து போகும் செருப்புகள். கீழறைக்குள் தண்ணீர் வராமல் மணல் மூட்டை போட்டுவிட்டு பிரைட்டன் வாசலில் காவல் இருந்தான். ஜாக்குலின் மேலே ஏறிக் கதவைச் சாத்தினாள். தகரத்தில் விழும் மழையின் இரைச்சல் தெர்மாகோலுக்கு அப்பால் எங்கோ தொலைவில் கேட்டது. கருவியைப் பார்த்தாள். நாற்பத்தேழு. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது, அப்படியும் நாற்பத்தேழு. அறை தன் காற்றைப் பிடித்து வைத்திருந்தது. வாரக்கணக்கில் அங்கே அடுக்கி வைத்துப் பதப்படுத்திய ஸ்ப்ரூஸ் பலகை ஒன்றை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, விரல் கணுவால் தட்டினாள். போன வருஷம் இதே மாதம் தட்டியபோது ‘தொப்’பென்று இருந்த பலகை இப்போது வெண்கலக் கிண்ணம் மாதிரி நீளமாக ஒலித்தது. அந்த ஒலி அடங்கும் வரை அவள் பலகையைக் காதோடு வைத்திருந்தாள். பிறகு இன்னொரு தடவை தட்டினாள். பிறகு கதவைத் தூக்கி, கீழே இருந்த இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டுத் தட்டிக் காட்டினாள்.

ஏஞ்சலம்மாள் பலகையைக் கேட்டாள். ஆனால் அவள் கண் அறையைச் சுற்றி வந்தது. இட்லித் துணியை இங்கே காயப்போடலாமா என்று கேட்டாள். அந்த ஒன்று மட்டும் நடக்காது என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

அன்று தொடங்கிய கிட்டார்தான் ஸ்ரீதேவிக்கான இரண்டாவது கிட்டார். ஸ்ரீதேவி கேட்கவில்லை. ஜாக்குலினாகச் செய்தாள். அந்த வேலையில் ஒரே ஒரு இடத்தில் மரத்துக்கு ஈரமும் சூடும் தேவை. கிட்டாரின் இடுப்பு வளைவுக்குப் பக்கப் பலகையை நனைத்துச் சூடேற்றித்தான் வளைக்க வேண்டும். அதை உலர் அறையில் செய்தால் பட்ட பாடெல்லாம் வீண். ஏஞ்சலம்மாள் தானாக முன்வந்து, இட்லி இறக்கிய பானையை அடுப்பிலேயே கொதிக்கவிட்டு, அதன் மேல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகை நனைந்த தோல் மாதிரி இளகியது. ஜாக்குலின் அதைச் சூடான இரும்புக் குழாயில் வைத்து, ஒரே அழுத்தில் வளைத்துவிட்டாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் பலகை பாதிக்குப் பாதி முறியும். அந்தத் தடவை ஒன்றுகூட முறியவில்லை. வளைத்த பலகைகளை மேலே கொண்டுபோய், அவை மறுபடி காய்ந்து அடங்கும் வரை காத்திருந்துதான் ஒட்டினாள்.

கிட்டார் முடிந்ததும் மாட்டுங்காவுக்கு அவளே எடுத்துப் போனாள். ஸ்ரீதேவி வகுப்பை முடித்துவிட்டு வந்து, கொஞ்சம் தயங்கித்தான் மடியில் வைத்தாள். ஒரு ராகத்தைத் தொடங்கினாள், நிறுத்த மறந்துவிட்டாள். வகுப்பு முடிந்து கிளம்பிய பிள்ளைகள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். வாசித்து முடித்ததும் அவள் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஜனவரியில் ஜெய்சல்மேரில் கச்சேரி, பாலைவனம், டில்லியைவிட மோசம், திரும்பவும் ஒரு தடவை என்னால் முடியாது என்றாள்.

“அங்கதான் கொண்டு போகணும் மேடம்,” என்றாள் ஜாக்குலின். “நானும் கூட வாரேன். வெடிச்சா ஒங்க முன்னாலேயே வெடிக்கட்டும்.”

மும்பையின் வடக்குக் கோடியான விராரைத் தாண்டிப் போயிராத ஜாக்குலின் அந்த ஜனவரியில் ரயில் ஏறினாள். ஏஞ்சலம்மாள் மிளகாய்ப் பொடி தடவிய இட்லிகளைக் கட்டிக் கொடுத்திருந்தாள். கைப்பையில் அந்த ஈரம் காட்டும் கருவியும் போனது. குஜராத்தைத் தாண்டியதும் அது ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இறங்கிக்கொண்டே வந்தது. ஜெய்சல்மேரில் இறங்கியபோது பதினெட்டு. உதடு வெடித்தது. முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுப்பதற்குள் முகம் காய்ந்துவிட்டது. அப்படி ஒரு காற்று உலகத்தில் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கச்சேரி மாலையில். மதியம் ஹோட்டல் அறையில் ஸ்ரீதேவி கிட்டாரைப் பெட்டிக்குள் பூட்டியே வைத்திருந்தாள். ஜாக்குலின் அதை வெளியே எடுத்து நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

“ஹீட்டரப் போடுங்க.”

ஸ்ரீதேவி அவளைப் பார்த்தாள். “நிஜமாவா சொல்றேள்?”

“போடுங்க மேடம்.”

ஹீட்டர் சிவந்தது. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, டீ வரவழைத்துக் குடித்தார்கள். இரண்டு பேர் கண்ணும் கிட்டார் மேலேயே இருந்தது. திடீரென்று ‘டக்’ என்று ஒரு சத்தம். ஸ்ரீதேவியின் டீ சேலையில் சிந்தியது. ஜாக்குலின் தன் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முகப்பலகையில் விரலை ஓட்டினாள். முழுசாக இருந்தது. மறுபடி ‘டக்’. சூட்டில் விரிந்த ஹீட்டரின் தகரம்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

வெயில் சாயும் வரை ஹீட்டர் ஓடியது. ஜாக்குலின் ஒரு ஸ்கேலைப் பலகையின் குறுக்கே வைத்துப் பார்த்தாள். ஒரு தாளின் தடிமனுக்குப் பலகை உள்ளே அமுங்கியிருந்தது. அவ்வளவுதான். அதற்கு இடம் விட்டுத்தான் அவள் பலகையை லேசாக வளைத்து ஒட்டியிருந்தாள். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் விட்டு ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. ஒரு மயிரிழைக் கீறல்கூட இல்லை. கண்ணாடியை வெளியே எடுத்தாள். கிட்டாரை ஸ்ரீதேவியிடம் நீட்டினாள்.

மாலைக் கச்சேரி ஒரு பழைய மாளிகையின் திறந்த முற்றத்தில். மேடையில் வாசிக்க வந்தவர்கள் எல்லோரும் சுருதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த ஒரு கிட்டார்காரரின் தந்திகள் கிட்டாரின் கழுத்துப் பலகையில் உரசி இரைந்தன. பாதியில் நிறுத்திச் சரிசெய்துகொண்டார். ஸ்ரீதேவி உட்கார்ந்தாள், ஒருமுறை சுருதி பார்த்தாள், வாசிக்கத் தொடங்கினாள். ஆலாபனை முழுதும், பிறகு பாட்டு, பிறகு ஸ்வரம் என்று போனது. ஒரு தடவைகூட அவள் கை ஆணியைத் தேடிப் போகவில்லை. அந்த வறண்ட காற்றில் கிட்டாரின் குரல் இன்னும் திறந்துகொண்டு, முற்றத்தின் கல் தூண்களில் மோதித் திரும்பியது. ஜாக்குலின் கடைசி வரிசையில் சால்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். பாட்டைக் கேட்டாளா என்று கேட்டால் இல்லை என்கிறாள். மரத்தைத்தான் கேட்டாளாம்.

கைத்தட்டல் அடங்குமுன் ஸ்ரீதேவி மைக்கில், இந்தக் கிட்டாரைச் செய்தவர் இங்கே வந்திருக்கிறார் என்று இந்தியில் சொல்லி, கையை நீட்டிக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சால்வைக்குள்ளிருந்து வெளியே வர ஜாக்குலினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேடையை விட்டு முதலில் இறங்கி அவளிடம் வந்தது அந்தக் கொச்சிக்காரர். தன்னுடைய கிட்டாரை அவள் கையில் கொடுத்து, எனக்கும் ஒன்று வேண்டும், எப்போது முடியும் என்று கேட்டார். மழையில் முடித்துத் தருகிறேன் என்றாள். அவர் அதை வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, மறுபடி அதையே சொன்னாள்.

பிரைட்டனுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். அவன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பின்னால் ரவூப் பாய் ‘மாஷா அல்லாஹ்’ என்று சொல்வதும், ஏஞ்சலம்மாள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன.

ஸ்ரீதேவியின் அந்தக் கிட்டார் அதே வருஷ ஜூலையில் செம்பூரில் ஒரு மண்டபத்தில், வெளியே கொட்டும் மழையில் ஒலித்தது. பலகை தாளின் தடிமன் அளவுக்கு மேலே வந்திருந்தது, வேறு மாற்றம் இல்லை. அதற்குள் அணுசக்தி நகரில் பொழுதுபோக்காக வயலின் செய்யும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அறையைப் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார். அவர் வீட்டில் ரவூப் பாயும் ஜாக்குலினும் சேர்ந்து ஒரு உலர் அறை கட்டினார்கள். பதிலுக்கு அவர் ஒரு நல்ல யோசனை சொன்னார். ஜனவரியில் சில நாட்கள் மும்பைக் காற்றும் தேவைக்கு மேல் காய்ந்துவிடுகிறது, அப்போது ஈரத்தைத் திரும்ப உள்ளே விட ஒரு நனைந்த துணியும் ஒரு சின்ன விசிறியும் போதும் என்றார். இப்போது அதுவும் ஜாக்குலினின் அறை மூலையில் ஓடுகிறது. முலுண்டில் ஒரு தபலாக்காரர், தாதரில் ஒரு பியானோ பழுதுபார்ப்பவர் என்று ரவூப் பாய்க்கு இதுவே ஒரு தனித் தொழிலாகிவிட்டது.

இந்தக் கதையைக் கேட்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனது போன ஆகஸ்டில், குடை திரும்பிக்கொண்ட ஒரு மழைநாளில். கதவு ‘உப்’பென்று மூடியதும் காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. என் சட்டை ஈரமாக இருந்ததால் என்னை உள்ளே விடுமுன் பிரைட்டனின் சட்டை ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மேசையில் மூன்று கிட்டார்கள் வெவ்வேறு நிலையில் கிடந்தன. ஒன்று பெர்லினுக்கு, ஒன்று லடாக்கில் இருக்கும் லேவுக்கு, ஒன்று பாந்திராவில் ஒரு பெரிய கடைக்கு.

அந்தக் கடைக்காரர் அன்று போனில் பேசினார். கிட்டாருக்குள் ஒட்டும் பெயர்ச் சீட்டில் தாராவி என்று போடாமல் மும்பை என்று மட்டும் போட்டால் விற்க வசதியாக இருக்கும் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். ஜாக்குலின் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

“மரம் காஞ்சது தாராவியிலதான் சார். தாராவின்னே இருக்கட்டும்.”

அவர் சரி என்றார். அவள் போனை வைத்துவிட்டு, ஒரு சீட்டின் முதுகில் பசை தடவி, ஒலித்துளை வழியாகக் கையை விட்டு உள்ளே அழுத்தி ஒட்டினாள். பிறகு விளக்கைப் பக்கத்தில் இழுத்து, நேராக ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.